சிக்னலில் நடுங்கி நின்றுபோகும் பழைய எம்பிஎஃப்ஐ கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி 2001ல் வந்த 1.3 லிட்டர் செடான். நான் மெக்கானிக் இல்லை. இந்த ஒரு வண்டியை விற்க மனம் வராமல் பதினாறு வருடமாக ஓட்டியதில் பாதி மெக்கானிக் ஆகிவிட்டேன், அவ்வளவுதான். 2000 ஏப்ரலில் புகை விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் முறை) வந்ததே, அந்தத் தலைமுறை வண்டிகளைப் பற்றித்தான் இந்தப் பக்கம்: எஸ்டீம், ஜென், 800, 1998ல் வந்த முதல் சாண்ட்ரோ, அந்தக் கால சிட்டி, ஐகான். இன்னும் பழைய பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடேறிய பிறகா? ஏசி போட்டிருந்ததா? கிளட்ச் மிதித்து வேகம் குறையும்போதா, நின்று அரை நிமிடம் கழித்தா? அணையும்போது திணறித் திணறி அணைந்ததா, சாவியைத் திருப்பினாற்போல் பட்டென்று அணைந்ததா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது?

கடைசியில் கேட்ட இரண்டும்தான் முக்கியம். திணறி அணைந்தால் காற்று அல்லது பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். பட்டென்று அணைந்தால் கரண்ட் பக்கம். எப்போதும் இப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பத்துக்கு எட்டு முறை சரியாக வருகிறது. இந்தத் தாளோடு போனால் மெக்கானிக் உங்களிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்த வண்டிகளில் பெரும்பாலும், எஞ்சின் சூடான பிறகு, 750 முதல் 900 ஆர்பிஎம்முக்குள். காலையில் முதல் இரண்டு மூன்று நிமிடம் 1,200க்கு மேல் ஓடி, பிறகு தானே இறங்கும். இறங்காவிட்டாலும் கோளாறு, ஏறாவிட்டாலும் கோளாறு.

ஒர்க்‌ஷாப்பில் ஈசிஎம் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

என்னிடமும் சொன்னார்கள். ஏசி போட்டு நின்றால் நடுக்கம், ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் ஆஃப். பழைய ஈசிஎம் ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம், ஆகும் செலவைக் கொடுங்கள் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு டிவிஎஸ் 50 வாங்கியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டு வாசலில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 0.9 காட்டியது. எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை, சரியில்லை என்று அதற்கு அர்த்தம். பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் ஒயரைப் பார்த்தால் மேலே கறுப்புத் தோல் பளபளவென்று இருக்கிறது. முனையில் இருக்கும் வளையத்துக்கு அருகே, தோல் லேசாக உப்பியிருந்த இடத்தில், பிளேடால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி கொட்டியது. பத்துப் பன்னிரண்டு இழைகள்தான் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தன.

கடலோரத்தில் இதுதான் நம் சாபம். வண்டி பீச் ரோட்டிலோ தேவனாம்பட்டினத்திலோ ராத்திரி முழுக்க நிற்கிறது, உப்புக் காற்று ஒயரின் வாய் வழியாக உள்ளே ஏறுகிறது. சென்சார்கள் எல்லாம் ஐந்து வோல்ட்டுக்குள் பேசிக்கொள்பவை. எர்த்தில் முக்கால் வோல்ட் தப்பினால் ஈசிஎம் கேட்பதெல்லாம் பொய்க்கணக்கு. புது ஒயர், உப்புத்தாள், முனையில் தடவ வாசலின், எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஈசிஎம் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. ஆனால் பேட்டரி முனை, எஞ்சின் எர்த், பாடி எர்த், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் போல்ட் போட்டிருக்கும் சின்ன எர்த், இந்த நான்கையும் அளக்காமல் அந்த வார்த்தையைச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

காற்றுக் கசிவு என்கிறார்களே, அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் மிதித்தால் திறக்கும் காற்றுத் தகட்டுக்கு) பின்னால் வெற்றிடம் இருக்கிறது. அங்கே இருக்கும் ரப்பர் ஹோஸ்களில் எது வெடித்திருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ரேஸ் கொடுத்தால் எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றில் அது சொற்பம், தெரியாது. ஐடிலில்தான் மானம் போகும். இருபது வருட ரப்பர், பாண்டிச்சேரி மே மாதம், பானெட்டுக்குள் இருக்கும் சூடு, மூன்றும் சேர்ந்தால் ஹோஸ் அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்று போதும். எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டு பேக்கிங் ஓரம், ஒவ்வொரு ஹோஸின் முனை, இன்ஜெக்டர் உட்காரும் ரப்பர் வளையம் என்று ஒவ்வொரு இடமாகத் தெளியுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், எஞ்சின் சத்தம் ஒரு நொடி மாறும். பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் தெளிக்கக் கூடாது. கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது தீப்பிடிக்கும் சரக்கு, சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஊதுபத்திப் புகை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்.

இன்னொரு வழி, ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஹோஸ்களின் மேல் நகர்த்துவது. டாக்டர் குழாய் மாதிரி. ‘உஸ்’ என்ற சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கேதான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேல்மூடியிலிருந்து மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ், இந்த இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். பிசிவி ஹோஸ் கீழ்ப்பக்கம் வெடித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். விரலை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஒரு நுணுக்கம். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி காற்றை அளக்கும் சென்சார் இருக்கிற வண்டியில் கசிவு வந்தால் கலவை மெலிந்து, அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லாமல், எஞ்சின் நடுங்கி அணையும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் கதை வேறு. காற்று கூடியதும் அழுத்தம் கூடும், ஈசிஎம் பெட்ரோலையும் கூட்டும், அதனால் ஐடிலிங் ஏறும். ரொம்ப ஏறினால், ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார் என்று நினைத்துப் பெட்ரோலை நிறுத்தும். விழுந்ததும் மறுபடி கொடுக்கும். 1,000, 1,800, 1,000, 1,800 என்று ஊஞ்சல் ஆடும் வண்டிகளில் பாதி இந்த வகை. ஆகவே ஏறினாலும் கசிவுதான், விழுந்தாலும் கசிவுதான் என்று மெக்கானிக் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

த்ராட்டில் பாடி கிளீன் செய்தால் சரியாகிவிடுமா?

வேகம் குறைத்து கிளட்ச் மிதித்ததும் அணைகிற வண்டி என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. த்ராட்டில் தகட்டைச் சுற்றி கரி வளையமாகப் படிந்திருக்கும். ஐடில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வின் முனையும் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். கால் எடுத்ததும் அது சட்டென்று திறக்க வேண்டும், திறக்க நேரமாகிறது, அதற்குள் எஞ்சின் செத்துவிடுகிறது. த்ராட்டில் கிளீனர், பழைய டூத் பிரஷ், பனியன் துணி. தகட்டின் பின்பக்கத்தையும் துடையுங்கள், அங்கேதான் கரி அதிகம். துடைத்த பிறகு பேட்டரி முனையைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டி, பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். புது நிலைமையை ஈசிஎம் படித்துக்கொள்ளட்டும்.

தகட்டை நிறுத்தும் சின்ன ஸ்க்ரூவை மட்டும் தொட விடாதீர்கள். ‘கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்கேன் சார்’ என்றால் நோயை மூடி வைத்திருக்கிறார் என்று பொருள்.

காலையில் மட்டும் திணறுகிறது. பத்து நிமிடம் ஓடினால் நன்றாக இருக்கிறது.

கூலன்ட் வெப்ப சென்சாரைப் பாருங்கள். டேஷ்போர்டில் முள் காட்டும் சென்சார் வேறு, ஈசிஎம்முக்குச் சொல்லும் சென்சார் வேறு. பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கடைக்காரர் தவறானதைக் கொடுத்துவிடுவார். இணைப்பைக் கழற்றி மீட்டரில் ஓம் பாருங்கள். பெரும்பாலானவை 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். நம் ஊர்க் காலை 28 டிகிரியில் இரண்டு கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே இருக்கும். ஆறிய எஞ்சினில் 300 காட்டினால், அது ஈசிஎம்மிடம் ‘நான் சூடாகத்தான் இருக்கிறேன்’ என்று பொய் சொல்கிறது. பெட்ரோல் குறைவாக வரும், திணறும். நேர்மாறான பொய் சொன்னால் பெட்ரோல் கொட்டும், பிளக் கறுக்கும், சூடான பிறகு தகராறு வரும்.

சூடானதும் பட்டென்று அணைகிறது. அரை மணி விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் போனால் வண்டி சமர்த்தாக ஓடுகிறது!

எல்லாரையும் பைத்தியம் பிடிக்க வைக்கும் கோளாறு இது. அணைந்த அந்த நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. ஆறவிட்டு எடுத்துப் போனால் சாட்சி ஓடிவிடும்.

எனக்கு ஒரு மே மாதம், பாண்டிச்சேரி ஏஎஃப்டி மில் பக்கத்து ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அணைந்தது. பின்னால் தனியார் பஸ், அவன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. வண்டியை ஓரம் தள்ளிவிட்டு சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினேன். வழக்கமாகப் பின் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ‘ஊம்’ என்று ஓடும். ஓடவில்லை. டேஷ்போர்டைப் பார்த்தால் எஞ்சின் செக் லைட்டும் எரியவில்லை. இது பெரிய துப்பு. சாவி ஆன் செய்ததும் அந்த லைட் எரியாவிட்டால் ஈசிஎம்முக்கே கரண்ட் வரவில்லை. ஈசிஎம்முக்குக் கரண்ட் விடும் மெயின் ரிலே ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டினேன். லைட் வந்தது, பம்ப் ஊமென்றது.

வீட்டில் ரிலேயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சின்ன சர்க்யூட் போர்டு. ஒரு காலைச் சுற்றிச் சாலிடரில் முடி அளவு வட்ட விரிசல், லென்ஸ் வைத்தால்தான் தெரியும். சூட்டில் விரிந்து விடுபடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெரு டிவி ரிப்பேர்க்காரர் இரண்டு நிமிடத்தில் சாலிடர் வைத்துக் கொடுத்துவிட்டு டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

லைட் எரிகிறது, ஆனால் பம்ப் சத்தம் இல்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஒயர். பம்ப் ஓடுகிறது, தீப்பொறி இல்லை என்றால் இக்னிஷன் காயில், அதன் மாட்யூல், கிராங்க் சென்சார், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப். காயில் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தேகம் அங்கே கூடுகிறது. கால் டேங்குக்குக் கீழே பெட்ரோல் இருக்கும்போது மட்டும் வருகிறது என்றால் பம்ப்தான்; பெட்ரோலில் மூழ்கிக் குளிர்வது அது, டேங்க் காலியானால் சூடாகிறது.

ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் மிஸ் ஆகிறதா என்று எப்படித் தெரியும்?

எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அதுதான் சோம்பேறி. பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம், காயில் கெடும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தின்றுவிடும், கையில் ஷாக்கும் அடிக்கும்.

அந்த சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங் கூடவே போனால் பிளக். அடுத்து ஒயர், அடுத்து இன்ஜெக்டர். ராத்திரி தெரு விளக்கு இல்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒயர் கசிந்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஏசி போட்டால் மட்டும் பிரச்சினை.

கம்ப்ரஸர் பிடிக்கும்போது ஐடிலை ஏற்றும் வால்வு வேலை செய்யவில்லை, அல்லது மேலே சொன்ன எர்த், அல்லது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். எல்லாம் போட்ட நிலையில் பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

கடலூர்க்காரன் நான். விலை குறைவு என்று எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டி பாண்டி பெட்ரோல் போடுகிறேன். அதனால் வருகிறதா?

இல்லை. நானும் அங்கேதான் போடுகிறேன். அந்த விலை வித்தியாசம் வரியில் வருவது.

எத்தனால் வேறு விஷயம். 10 சதவீதம் கலந்த பெட்ரோல் 2022லேயே வந்தாயிற்று, இப்போது 20 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகளின் ரப்பரும் பேக்கிங்கும் 20க்காகச் செய்தவை அல்ல. வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. 20 சதவீத எத்தனாலுக்கு அது சுமார் 13.5. அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். சூடான பிறகு ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். காலையில் சென்சார் சூடாகும் வரை ஈசிஎம் பழைய கணக்கில்தான் ஊற்றும், ஆகவே ஏற்கெனவே சின்னக் கசிவு உள்ள வண்டி இப்போது கூடுதலாகத் திணறும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் கால் டேங்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது. கசிவு ஐடிலிங் பிரச்சினையாக நிற்காது, தீயாகிவிடும்.

ஃபெஞ்சல் புயலில் வண்டி தண்ணீரில் நின்றது. அன்றிலிருந்து தகராறு.

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்தது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் ஏறியது. அப்போது நின்ற வண்டிகளில் எஞ்சினைவிட இணைப்புகள்தான் அதிகம் அடிபட்டன. சீட்டுக்குக் கீழே, டேஷ்போர்டு ஓரம், கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, இரண்டு மூன்று முறை சொருகி எடுத்து மாட்டுங்கள். மெதுவான வேலை. ஒரு ஞாயிறு போய்விடும்.

ஸ்கேனர் கனெக்டே ஆகவில்லையே?

ஆகாது. வண்டியே தன் கோளாறைப் பதிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி நம் நாட்டில் கட்டாயமாகத் தொடங்கியதே 2010ல். அதற்கு முந்தைய பல வண்டிகளில் லைட் மினுக்கித்தான் கோளாறு சொல்லும். பழைய சுசுகி எம்பிஎஃப்ஐ வண்டிகளில் கோளாறு பார்ப்பதற்கான டயக் பின்னையும் எர்த் பின்னையும் ஒரு ஒயர்த் துண்டால் இணைத்து சாவி ஆன் செய்தால், எஞ்சின் செக் லைட் ஒரு மினுக்கு, சிறு இடைவெளி, இரண்டு மினுக்கு என்று காட்டும். அது 12, கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை என்று பொருள். எந்தப் பின் என்று உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். ஊகித்துச் சொருகினால் அப்போது உண்மையிலேயே ஈசிஎம் போகும். ஹோஸ் கசிவும் எர்த்தும் பெரும்பாலும் எந்த எண்ணிலும் வராது.

அப்பா காலத்து பென்ஸ் 190இ. இதே சோதனைகள் பொருந்துமா?

எர்த்தும் காற்றுக் கசிவும் பொருந்தும். மற்றது வேறு உலகம். அதிலிருப்பது கேஇ-ஜெட்ரானிக் என்ற பழைய முறை, இன்ஜெக்டர்கள் மின்சாரத்தில் திறப்பதில்லை, அழுத்தத்தில் திறந்து தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருப்பவை. மற்ற வண்டிகளில் 2.5 முதல் 3 பார் அழுத்தம் என்றால் இதில் 5 பாருக்கு மேல். காற்றின் எடையில் ஏறி இறங்கும் தட்டு ஒன்று இருக்கும், அதன் கீழ் இருக்கும் பெரிய ரப்பர் பூட் கிழிந்தால் ஐடிலிங் போச்சு. பேட்டரிக்குப் பின்னால் தலையில் ஃப்யூஸ் வைத்த ஓவர்வோல்டேஜ் ரிலேயை முதலில் பாருங்கள். அது சாகும்போது ஐடிலிங் கெடும், ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்த லைட்டும் சேர்ந்து எரியும்.

எல்லாம் பார்த்தாச்சு. இன்னும் நடுங்குகிறது.

புகைச் சான்று எடுக்கும் இடத்தில் தாளை மடித்து வைத்துக்கொள்ளாமல் எண்களைப் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு கூடுதல் என்றால் பெட்ரோல் கொட்டுகிறது. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வெற்றிட ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் கிழிந்துவிட்டது. ஹைட்ரோகார்பன் கூடி, மோனாக்சைடு குறைவாக இருந்தால் மிஸ்ஸிங், அல்லது கலவை மெலிவு.

அதுவும் சரி என்றால் எஞ்சினுக்குள்தான் போக வேண்டும். கம்ப்ரஷன் அளந்து, சிலிண்டர்களுக்குள் 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா பாருங்கள். கேஸ் கிட் போட்டு ஓடிய வண்டியில் வால்வ் சீட் தேய்ந்து டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு) இறுகிப் போயிருக்கும். சூடானால் வால்வு முழுதாக மூடாது, ஐடிலிங் நடுங்கும். சமீபத்தில் டைமிங் பெல்ட் மாற்றியிருந்தால் ஒரு பல் தப்பியிருக்கிறதா என்று குறிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வண்டிகளுக்கு சென்சார் எங்கே கிடைக்கும்?

கடலூரிலும் பாண்டியிலும் ஹோஸ், பிளக், ஃபில்டர், ரிலே கிடைத்துவிடும். சென்சார், ஐடில் வால்வு, டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு. பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் த்ராட்டில் சென்சாரில் ஒன்றுக்கு மூன்று பின், இன்னொன்றுக்கு நான்கு பின். நான் ஒரு தடவை போனில் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய், மறு வாரம் அதே பஸ்ஸில் மறுபடி போனேன்.